செப்படி செல்லையாவின் நாலாம் நம்பர் வீடு

காணி மிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டபோது செல்லையாவின் வாய் நிறைய வெற்றிலை. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எச்சிலை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"மொகத்த மே செப்படி?" இந்தச் செப்படி என்ன என்று சிங்களத்தில் கேட்டிருந்தார் மிஸ்.

மூங்கிலாறுத் தோட்ட டிவிசனின் முன்பள்ளிக் கட்டடத்தில் பதினெட்டுக் குடும்பமும் கூடியிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் பதினெட்டு வீட்டுக்கும் உறுதிப் பத்திரம் வரப்போகிறது. பெயர்களைச் சரிபார்க்கத்தான் எஹலியகொடைக் கந்தோரிலிருந்து, அதாவது காணி அலுவலகத்திலிருந்து, மிஸ் வந்திருந்தார். அவர் கையிலிருந்த பட்டியலில் நாலாம் நம்பர் வீட்டுக்கு நேரே 'செப்படி இராமசாமி செல்லையா' என்றிருந்தது. சிங்களவருக்குப் பெயருக்கு முன்னால் வாசகம என்று ஒரு பரம்பரைப் பெயர் நிற்கும் அல்லவா? செப்படியையும் அப்படியொரு வாசகம என்றே யாரோ நினைத்து, பட்டியல் எழுதிய நாளிலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மிஸ், அது எங்க மாமாவோட பட்டம்!" என்றான் தலைவர் சுதாகரன். பிறகு அது கண்கட்டு வித்தை என்று சிங்களத்தில் விளக்க ஆரம்பித்தான். "எஸ் பந்தும் மிஸ், எஸ் பந்தும்! கையில இருக்கிறது காணாமப் போகும், காணாமப் போனது ஒங்க காதுல இருந்து வரும். மிஸ் தோடு போட்டிருக்கீங்களா, பாத்துக்கங்க!"

மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் பேனா நகரவில்லை. அடையாள அட்டையில் வெறும் இராமசாமி செல்லையா. பட்டியலில் செப்படி. இருவரும் ஒரே ஆள்தான் என்றும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரவேண்டும். வராவிட்டால் நாலாம் நம்பர் உறுதி மட்டும் நின்றுபோகும்.

"ஒரு கையெழுத்துதானேப்பா," என்றாள் மகள் ஷாமிளா. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பானவள் அவள். சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். "நாளைக்கே நம்ம றஊப் நானாக்கிட்ட போயிட்டு வந்துருவோம்."

செல்லையா தலையை ஆட்டினார். ஆறு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். அது இவ்வளவு சிரிப்போடு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பெயர் வந்தது பாவமான வழியில் அல்ல. தோட்டத்தில் அப்போது இரண்டு செல்லையாக்கள் இருந்தார்கள். ஒருவர் பால் லொறி ஓட்டியதால் லொறி செல்லையா. இவர் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வேலை முடிந்த கையோடு மூன்று சிரட்டையை வரிசையாகக் கவிழ்த்து வைத்து வித்தை காட்டுவார். மரத்தில் உறைந்து தொங்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கொட்டைப்பாக்கு அளவில் ஓர் உருண்டை செய்வார். அதை ஒரு சிரட்டையின் கீழே வைத்து, மூன்றையும் இடம் மாற்றி மாற்றி இழுப்பார். எதன் கீழே என்று யாராலும் சொல்ல முடியாது. பால் வெட்டுகிறவனின் விரலில் எந்நேரமும் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். மோதிர விரலின் அடியில் உருண்டை ஒட்டிக்கொண்டால், கையைத் தொங்கப் போட்டாலும் விழாது. ரகசியம் அவ்வளவுதான். தீபாவளிக்கும் காட்டினார், கிறிஸ்தவக் குடும்பங்களின் மாதா திருநாளுக்கும் காட்டினார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் காட்டினார். செப்படி செல்லையா என்றால் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே அவர் அந்தப் பெயரை மகுடம் மாதிரிச் சுமந்தார்.

சமாதான நீதவான் றஊப் நானாவின் இரும்புக் கடை எஹலியகொட பஸாரில் இருந்தது. ஆணி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்திலேயே அவருடைய முத்திரையும் மைப்பெட்டியும் இருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு அவர் எழுத ஆரம்பித்தார்.

"செல்லுங்கொ செல்லையா. இந்தப் பேர் எப்பிடி வந்த?"

"சிரட்டை வித்தை காட்டுவேன் நானா. அதுல வந்தது."

"ம். சிரட்டை வித்தைக்கு ஏன் செப்படி எண்டு செல்லுற, தெரியுமா?" நானாவுக்கு வாசிப்புப் பழக்கம் உண்டு. ஓர் ஆளும் கொஞ்ச நேரமும் கிடைத்தால் விடமாட்டார். "செப்பு எண்டா சிமிழ். குங்குமம், சுண்ணாம்பு போட்டு வைக்கிற சின்னச் சாமான். முந்தி வித்தைக்காரன் அந்தச் செப்பத்தான் கவுத்து வெச்சி, அதுக்குள்ள ஒண்ட இட்டு மறைப்பான். செப்பு இடு வித்தை. செப்பிடு வித்தை. சனத்துட வாயில தேஞ்சி தேஞ்சி செப்படி ஆன."

"பிள்ளைங்க வெளையாடுற சொப்புச் சாமானும் அந்தச் செப்புதானா நானா?" என்று கேட்டாள் ஷாமிளா. "எங்க காம்பராவுல ஒரு கூடை நெறைய இருக்கு."

"அதேதான் மகள்! பாத்தீங்களா, எவ்வளவு நல்ல எடத்தில பொறந்த பேர். பொறகு எந்தக் கள்ள வேலைக்கும் அந்தப் பேரையே வெச்சிட்டாங்க. கணக்குல செப்படி, தேர்தல்ல செப்படி. பாவம், அந்தச் சிமிழ் என்ன செஞ்ச?"

அப்பாவைப் பார்த்துப் பெருமையாய்ச் சிரித்தாள் ஷாமிளா. செல்லையா தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா எழுதி முடித்து உரக்க வாசித்தார். "இராமசாமி செல்லையாவாகிய நான் உண்மையாகவும் பயபக்தியாகவும் உறுதியுரைப்பதாவது: செப்படி என்னும் பெயர் எனது குலப்பெயர் அன்று. சிரட்டைகளைக் கொண்டு நான் காட்டிய வித்தையினால் ஊரார் இட்ட பெயர். அவ்வித்தையை நான் விளையாட்டுக்காக மட்டுமே செய்தேன் என்றும், அதனால் எவரையும் வஞ்சித்ததில்லை என்றும்…"

"நானா."

"என்ன?"

"அந்த 'மட்டும்'ங்கிறத எடுத்துருங்க."

"அத எடுத்தா கதையே மாறுதே செல்லையா. கந்தோரில பாக்கிறவன் சந்தேகப்படுவான்."

"எடுத்துருங்க நானா." குரல் அவருடையதாகவே இல்லை. "அடுத்த வரியையும் எடுத்துருங்க."

ஷாமிளாவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. கடையில் கம்பி வாங்க வந்த ஒருவர் நானாவைக் கூப்பிட்டார். நானா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"செல்லையா," என்றார் மெதுவாக. "எனக்கு ஒண்டும் செல்ல வாணாம். ஆனா பொய் ஈக்கிற கடதாசியில நான் முத்திரை குத்தமாட்டேன். நீங்களும் விரலை வைக்க வாணாம். போய் யோசிச்சிட்டு வாங்கொ."

வெளியே பஸ் நிலையத்துச் சிமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்து, எதிரே நின்ற பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தபடி, செல்லையா தன் மகளிடம் சொன்னார். பெற்ற மகளிடம் ஒரு தகப்பன் எதையெல்லாமோ சொல்லலாம். இதைச் சொல்லும் கதி எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

ஏழு வருடத்துக்கு முன், ஒரு வைகாசி மழையில், அவர்கள் எல்லோரும் வரிசைக் காம்பராக்களில் குடியிருந்த மேட்டு லயத்தின் மீது மண் சரிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் அந்தனியின் இடுப்பில் கூரை மரம் விழுந்தது. பக்கத்துக் காம்பராக்காரர் அவர். செல்லையாவின் சோட்டு ஆள், சின்ன வயதிலிருந்தே மச்சான் உறவு. அன்றோடு அவருடைய நடை போனது. அடுத்த வருடம் பதினெட்டுக் குடும்பத்துக்கும் பதினெட்டு வீடு கட்டினார்கள். எல்லாம் ஒரே மாதிரி வீடு, இடம் மட்டும் வேறு. நாலாம் நம்பர் ரோட்டோரத்தில், சமதரையில் இருந்தது. மற்றதெல்லாம் சரிவின் மேலே. பதினொன்றாம் நம்பருக்குப் போக அறுபத்திரண்டு படி ஏறவேண்டும்.

யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்க முடிவானது. ஆனால் முன்பு ஒரு தடவை கூரைத் தகரம் பங்கு வைத்ததில் தில்லுமுல்லு நடந்ததாகப் பேச்சு இருந்ததால், சீட்டுப் போடும் டின்னை யார் பிடிப்பது என்பதில் சண்டை வந்தது. சுதாகரனை யாரும் நம்பவில்லை. கந்தோரிலிருந்து ஆள் வருவதையும் நம்பவில்லை. அப்போது நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தனிதான் சொன்னார்.

"செப்படி புடிக்கட்டும்டா! கள்ளன் கை கள்ளனுக்குத்தான் தெரியும். இவன் நிக்கிற எடத்துல எவனும் வித்தை காட்ட முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஊரிலே உள்ள அத்தனை தந்திரமும் தெரிந்தவனைக் காவலுக்கு வைத்தால் காவல் பலம் என்று அந்தச் சனம் நம்பியது. அந்தக் காவலனே கைவைப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சீட்டுகளை எல்லோர் கண் முன்னாலும் செல்லையாவே உருட்டினார். நாலு என்று எழுதிய துண்டு விரலுக்கு வந்தது. அது பால்மா டின்னுக்குள் விழவில்லை. மோதிர விரலின் அடியில் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதாக அவர் பெயரை வாசித்தார்கள். டின்னுக்குள் கையை விட்டார். நாலை எடுத்துக் காட்டினார். "அடி சக்கை!" என்று அந்தனிதான் முதலில் கூவினார். கடைசியாக வந்தவள் அந்தனியின் மனைவி ரோசம்மா. டின்னில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பதினொன்று.

விரல் தானாய்ச் செய்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள அவர் எத்தனையோ நாள் முயன்றிருக்கிறார். ஆனால் அன்று காலை வேலையிலிருந்து வந்து, பால் படிந்த கையைக் கழுவாமல் கூட்டத்துக்குப் போனது யார்? அதுவும் விரலா?

"அம்மாவோட முழங்கால் இருக்கே ஷாமிளா… அவளால ஏற முடியாதே…"

பஸ் வந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் இடமிருந்தும் அவள் முன்னால் போய் நின்றுகொண்டாள். இறங்கும் இடத்தில்தான் வாய் திறந்தாள்.

"அந்தனி மாமாவைக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போறப்ப நீங்களும் ஒரு பக்கம் புடிக்கிறீங்களே. ஒவ்வொரு மாசமும் அத எங்க காம்பராவுல சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவேன். எப்படிப்பா புடிச்சீங்க?"

அது உண்மை. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் சேர்ந்து அந்தனியை அறுபத்திரண்டு படியும் இறக்குவார்கள். அதில் ஒருவர் செல்லையா. ஆறு வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தவறியதில்லை. ரோட்டில் இறக்கி வைத்ததும் அந்தனி அவர் தோளில் தட்டி, "மாதா ஒனக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டாடா மச்சான்," என்பார். அந்த வார்த்தை முள்ளாய்க் குத்தும். ஆனாலும் அடுத்த மாதமும் போவார். போகாமல் இருக்க முடியாது. போனாலும் ஆறாது.

இதைவிட வேதனை ஒன்று இருந்தது. யாரிடமிருந்து எடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. அந்தச் சீட்டு டின்னில் விழுந்திருந்தால் யார் கைக்குப் போயிருக்கும்? ரோசம்மாவுக்கா? சுதாகரனுக்கா? ஏழாம் நம்பரில் இரட்டைப் பிள்ளைகளை இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாய்ச் சுமந்து ஏறும் ஜொய்சிக்கா? ஒருவேளை அவருக்கே விழுந்திருக்குமோ? சிரட்டை வித்தையில் உருண்டை எங்கே என்று காட்டுகிறவனுக்காவது தெரியும். இதில் காட்டியவனுக்கும் தெரியவில்லை. படிக்கட்டில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும், 'உன்னுடையதா? உன்னுடையதா?' என்று பார்த்துப் பார்த்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

வீட்டில் இதைக் கேட்டதும் அவர் மனைவி ஜெயம்மா அழவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்காகத்தான் செஞ்சேன் ஜெயா…"

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அவள். "இந்தா பாருங்க, நாளைக்கு எவனாச்சும் கேட்டா எம் முழங்கால அதுக்குள்ள இழுக்காதீங்க. ஆறு வருசமா இந்த வாசல்ல ஒக்காந்து மேல போற சனத்தப் பாத்து, 'எனக்கு மட்டும் சாமி கண்ணத் தொறந்துச்சு'ன்னு கோயிலுக்கு வெளக்கு போட்டிருக்கேன். எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு இனிமே அந்தக் கோயிலுக்குப் போவேன்?"

செல்லையா அவள் காலடியில் உட்கார்ந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பேசாம இருந்துரலாமா?" அந்தக் கேள்வியும் அவர் வாயிலிருந்து வந்தது. மனிதன் எவ்வளவு இழிந்தவன்! "நானாக்கிட்ட வேற மாதிரி எழுதச் சொல்லலாம். உறுதி வந்துரும்."

ஷாமிளா சமையலறை வாசலில் நின்றாள். "வரட்டும். வந்தா அது எம் பேருக்குத்தானே பின்னால வரும்? எனக்கு வேணாம். நீங்க சொல்லாட்டி நான் சொல்லமாட்டேன்பா. ஆனா இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

மறுவாரம் காணி மிஸ் மீண்டும் வந்தார். முன்பள்ளியில் அதே பதினெட்டுக் குடும்பம். சத்தியக் கடதாசிக்காக மிஸ் கையை நீட்டியபோது செல்லையா வெறும் கையோடு எழுந்தார். ஆனா ஆவன்னாப் படம் ஒட்டியிருந்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"கடதாசி இல்லீங்க மிஸ். நாலாம் நம்பர் எனக்குச் சீட்டுல விழல. நான் எடுத்து வச்சிக்கிட்டேன்."

முதலில் சிரிப்புதான் எழுந்தது. செப்படி ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "மாமா, இன்னிக்கு என்ன புதுசா?" என்றான் சுதாகரன்.

செல்லையா மேசையில் கிடந்த துண்டுக் காகிதத்தைக் கிழித்து உருட்டினார். "இப்பிடித்தான்," என்றார். விரலின் அடியில் வைத்துக் கையைத் தொங்கப் போட்டார். காகிதம் கீழே விழுந்தது. பென்சன் எடுத்து வருடக்கணக்காகிறது, கையில் இப்போது பால் ஏது? குனிந்து எடுத்தார். மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது அவர் குனியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் சனத்துக்குப் புரிந்தது. ஒரு கூட்டமே மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

பிறகு ஒரே சத்தம். "அப்ப அது எங்களுக்கு வந்திருக்கும்!" "எங்களுக்கும்தான் வந்திருக்கும்!" "எங்க மாமியார் அந்தப் படியில விழுந்துதானே செத்தாங்க!" பதினேழு வீட்டாரும் ஒரே வீட்டை ஒரே நொடியில் இழந்தார்கள்.

ரோசம்மா மட்டும் சத்தம் போடவில்லை. சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டு எழுந்தாள்.

"ஏன்ணே சொன்னீங்க?"

செல்லையா நிமிர்ந்தார்.

"கேக்கிறேன். இத்தன நாளா மேல் செவத்துல தண்ணி ஊறும்போது, இது சாமி குடுத்ததுன்னு தொடச்சிட்டுப் படுத்தேன். அறுபத்திரெண்டு படிய ஆண்டவர் குடுத்த செலுவைன்னு ஏறினேன். இனிமே மனுசன் குடுத்ததுன்னு ஏறணுமே. ஒங்க நெஞ்சு எறங்கிருச்சு. எனக்கு எப்ப எறங்கும்?"

மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வாயைத் திறந்தார். மன்னிப்பு என்பதும் இன்னொரு தடவை அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது மாதிரியே தோன்றியது.

நாற்காலியில் இருந்த அந்தனி கையைத் தூக்கினார். முன்பள்ளி அமைதியானது.

"டேய் செல்லையா. கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனப்பல்லாம் மாதா ஒனக்கு நல்லது செய்வான்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன மச்சான்."

"அத்தனையையும் திருப்பிக் குடுடா."

யாரும் சிரிக்கவில்லை.

ரோசம்மாவுக்கே வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று ஜொய்சி சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சுதாகரன் ஒப்புக்கொள்ளவில்லை. அதைவிட ரோசம்மாவே ஒப்புக்கொள்ளவில்லை. "பாவப்பட்டுக் குடுக்கிறது வேணாம். அன்னிக்கு நடக்க வேண்டிய மாதிரி நடக்கட்டும். சீட்டுப் போடுங்க." பதினெட்டுப் பேரும் கையெழுத்திட்டால் உறுதிக்கு முன்னால் நம்பரை மாற்றலாம் என்று மிஸ் சொன்னார். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாலாம் நம்பர், அவருடைய வீடு செல்லையாவுக்கு. பதினேழு பேரின் பெயரை எழுதி மிஸ்ஸே உருட்டினார். தன் கைப்பையைக் காலி செய்து அதற்குள் போட்டார். எல்லோரும் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

செல்லையா தன் வாழ்நாளில் அப்படி ஒரு தெய்வத்தையும் கும்பிட்டதில்லை. ரோசம்மா, ரோசம்மா, ரோசம்மா என்று உதடு ஓயாமல் முணுமுணுத்தது.

"சுதாகரன். நம்பர் தஹதுன," என்று வாசித்தார் மிஸ்.

பதின்மூன்று. சுதாகரனுக்கு நாற்பது வயது. கல் மாதிரி உடம்பு, ஒரே மூச்சில் படி ஏறுகிற கால். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் ரோசம்மாவின் பக்கம் திரும்பினான். எல்லோரும் காத்திருந்தார்கள். "சீட்டுன்னா சீட்டுதான்," என்றான் அவன், யாரையும் பார்க்காமல். தப்பென்று அவனை எவரும் சொல்ல முடியாது. நியாயமாகவே அவனுக்கு விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லையாவின் குடும்பம் பதின்மூன்றாம் நம்பருக்குச் சாமான் ஏற்றியது. கட்டிலைத் தூக்க ஒருவரும் வரவில்லை. ஷாமிளாவும் அவருமே தூக்கினார்கள். அவளும் இப்போது அவரோடு ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஆனாலும் விட்டுவிட்டும் போகவில்லை. ஜெயம்மா படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். செல்லையா கையைக் கொடுக்கப் போனார்.

"வேணாம்," என்றாள் அவள். "இது என்னால ஏற முடியாத படின்னு நீங்கதான் சொன்னீங்க. பாத்துக்கிட்டே இருங்க."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணை எடுக்கக்கூட அவருக்குத் துணிவில்லை.

உறுதிப் பத்திரம் வந்தது. அதில் வெறும் இராமசாமி செல்லையா என்றே இருந்தது. டிவிசனிலும் அவரைச் செப்படி என்று அழைப்பதை விட்டுவிட்டார்கள். முன்பு அது சிரித்துக்கொண்டே சொல்கிற வார்த்தை. இப்போது சொன்னால் வசவாகிவிடும். வசவு சொல்லும் அளவுக்குக்கூட யாரும் அவரோடு நெருங்கவில்லை. ரோட்டில் ஒரு நாள் ஜொய்சியின் பிள்ளை ஒன்று, "செப்படித் தாத்தா, முட்டாய் எடுத்துக் காட்டுங்க," என்று ஓடிவந்தது. ஜொய்சி அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திட்டவில்லை, முறைக்கவில்லை. வெறுமனே கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை வந்தது. காலையிலேயே எழுந்து, முகம் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, செல்லையா தன் புது வீட்டின் வாசலில் நின்றார். பதினொன்றாம் நம்பர் இரண்டு படி கீழே. நாற்காலியில் மூங்கில் கட்டுவது தெரிந்தது. போகக் கால் வரவில்லை. உள்ளே திரும்பவும் மனம் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மழையால் அன்று பால் வெட்டு நின்றுபோனதால் ஆண்கள் பலர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தூக்க வந்தவர்கள் மூன்றே பேர். ஒருவன் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கிளினிக் எண் ஏழரைக்குள் எடுக்காவிட்டால் அன்றைய நாள் போய்விடும்.

நாற்காலியில் அந்தனி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டே ரோசம்மா மேலே பார்த்தாள். அவர் நிற்பதைக் கண்டாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க?" என்றாள். "எறங்கி வாங்க."

செல்லையா இறங்கினார். பின்பக்கத்து மூங்கிலை அடியில் பிடிக்கக் குனிந்தார். எப்போதும் அவர் பிடிக்கிற இடம் அதுதான்.

"அங்க இல்ல," என்றாள் ரோசம்மா. "முன்னால வாங்க. கைய மேல வைங்க. எனக்குத் தெரியிற மாதிரி."

அவர் முன்னால் வந்தார். இரண்டு கையையும் மூங்கிலின் மேலே, விரல்களை விரித்து வைத்தார். அந்தனி கண்ணைத் திறக்கவே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி நாலு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். ஈரப் படியில் முதல் அடியை வைத்தபோது, அந்தக் கைகளை விட்டு ரோசம்மாவின் கண் அகலவில்லை.